பள்ளி ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்ட விளம்பரம்

என் தம்பியை அடக்கம் செய்த மறுநாள், அவனுடைய வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு அமர்ந்திருந்த நீங்கள், அவனைப் பற்றிய கதையொன்றைச் சொல்லிச் சிரித்தீர்கள். எட்டு வயதில் தகரப் பேணியில் விற்ற மாப்பானத்தைக் குடித்துவிட்டுச் சங்கு குளிக்கப் போனவன் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மூக்கைப் பிடித்துக் கன்னத்தை உப்பி நடித்துக் காட்டினார். துக்க வீட்டில் எழும் சிரிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அவனை நேசித்தவர்களின் சிரிப்பு அது. ஆயினும் என்னால் சிரிக்க முடியவில்லை. அவ்விடத்தில் மறுத்துப் பேசவும் வரவில்லை. நம்மோடு படித்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று ஒரே வாங்கில் அமர்ந்துவிடலாம். நாம் சொல்லிவைக்கும் வடிவிலேயே அந்தக் கதை நிலைத்துவிடும். ஆகவே, அது நடந்த விதத்தை எழுதிவைக்கிறேன்.

எழுதத் தூண்டியது இன்னொன்றும் உண்டு. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது தம்பியின் பேரன் என் முழங்காலில் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பையன் ஏதோ ஒரு பானத்தைக் குடித்தான். உடனே மதிலைத் தாண்டிப் பறந்தான். பேரன் நிமிர்ந்து, "மூத்தாப்பா, இத குடிச்சா உண்மையாவே பறக்கலாமா?" என்று கேட்டான். நான் பதிலைத் தேடிக்கொண்டிருக்கையில் விளம்பரம் முடிந்து வேறொன்று தொடங்கியிருந்தது. அவனும் கேள்வியை மறந்துவிட்டான்.

பாணுக்காக விடியலில் வரிசையில் நின்ற ஆண்டுகள் அப்போதுதான் முடிந்திருந்தன. பட்டினத்துக் கடைகளில் நாம் பெயர் மட்டுமே கேட்டிருந்த பொருட்கள் திரும்பவும் தோன்றத் தொடங்கிய காலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தீவின் தென்கரையை அறைந்துகொண்டிருக்க, நம்முடைய வடகரைக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. சங்கு குளிப்பதற்கு உகந்த பருவம் அது. நோன்பு மாதத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

நம் ஊருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒரு லொறிப் பற்றரியில் இயங்கியது. அதன் குழாய் வெளியே பனைமரத் தூணொன்றின் உச்சியில் கட்டப்பட்டிருந்தது. உப்புக் காற்று அதைத் தின்னாதிருக்க, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாராகிய என் வாப்பா கிழமைக்கொருமுறை ஏணி வைத்து ஏறி, தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு இறங்குவார். அன்று முழுவதும் அவருடைய கையில் எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாடை இருக்கும்.

அந்தக் குழாயில் பாங்கொலியைத் தவிர வேறென்ன வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மௌத்தான செய்தி, அடக்கம் செய்யும் நேரம். தலைப்பிறை கண்ட செய்தி. காற்று மாறுகிறது, கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை. காணாமற்போன பிள்ளையின் அடையாளம். வாப்பா "காற்று மாறுது" என்றால் ஆண்கள் சோற்றுக் கையோடு எழுந்து வள்ளங்களை இழுக்கப் போவார்கள். எவரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சரிபிழை தேடியதில்லை. தம்பிக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவன் காணாமற்போனதாக ஒருமுறை வாப்பா அறிவித்தார். தேடப் புறப்பட்ட கூட்டத்தில் அவனும் சேர்ந்து, தோணிகளுக்கடியில் குனிந்து குனிந்து தன்னையே தேடிக்கொண்டிருந்தான். அதையும் நாம் நகைச்சுவையாகத்தான் சொல்லி வந்தோம். பள்ளி ஒலிபெருக்கி காணவில்லை என்று சொன்னபின் தான் அங்கே நிற்பது அவனுக்குப் போதிய சான்றாக இருக்கவில்லை.

பேணிப் பானக் கம்பனியின் வான் வண்டி பேசாலைப் பக்கமிருந்து வந்தது. முந்தின நாள் அங்கே சினிமாப் பாட்டுப் போட்டுப் பானம் கொடுத்தார்கள் என்ற செய்தி, வானுக்கு முன்னரே நமக்கு எட்டியிருந்தது. ஊரெல்லையில் பெருக்கமரத்தடியில், பள்ளி நிர்வாகத்தின் தலைவரான மரைக்கார் வானை மறித்து நின்றார். வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் குடை. நாம் மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கட ஊருக்குள்ள வரேலாது, தம்பி."

வானிலிருந்து இறங்கியவர் கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். "பாட்டு இல்லாட்டிப் பிள்ளைகள் சேராதுகள், ஹாஜியார்," என்றார்.

"எங்கட பிள்ளைகளுக்குப் பாட்டு வேணாம். மோதினார் மைக்கில ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தொட்டில்ல கிடக்கிறதும் எழும்பி வரும்."

மரைக்காருக்கு அதில் ஒரு சல்லி இலாபமும் இருக்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாட்டையும் பாடகியின் குரலையும் ஊருக்குள் விடக்கூடாது என்பதே அவருடைய கவலை. விளம்பரத்தைப் பள்ளி ஒலிபெருக்கியில் மோதினார் வாசித்துவிட்டால் ஊரின் ஒழுக்கம் காக்கப்படும் என்று அவர் மனதார நம்பினார். கம்பனிக்காரர் பலமுறை நன்றி சொன்னார். தனக்கு எது கொடுக்கப்படுகிறது என்பது அந்த நொடியிலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன்.

வாப்பா தயங்கினார். "இது யாவாரப் பேச்சு, மரைக்கார். பள்ளிட மைக்கில எப்படி?"

"யாவாரம் ஹராமா, மோதினார்? பிள்ளைகளுக்குப் பால் குடுக்கிற விசயம். பொம்பிள பாடுற பாட்டு ஊர் முழுக்கப் போறதவிட, நீங்க கண்ணியமா வாசிக்கிறது நல்லமில்லையா?"

வாப்பா ஒத்துக்கொண்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் வாசிப்பதென்று முடிவாயிற்று.

இடைப்பட்ட நேரத்தில் கம்பனிக்காரர் தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர்ந்து நம்மையெல்லாம் அருகே அழைத்தார். "வாங்கோ, வாங்கோ. பயப்பிடாதேங்கோ. நீங்கள் பெரிசா வந்தா என்னவா வரப்போறீங்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். உங்களில் ஒருவர் பஸ் சாரதி என்றீர்கள். ஒருவர் மரைக்கார் என்றீர்கள். கடைக்காரர் சிரித்துத் தேநீரைச் சிந்தினார். தம்பி முன்னே வந்து, "மாமாவ மாதிரிச் சங்கு குளிப்பன்," என்றான்.

உம்மாவின் தம்பியான எங்கள் மாமா, கடலடியில் நிற்கும்போது கரையில் நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும் என்று பெயர் பெற்றவர்.

"சங்கு குளிக்க என்ன வேணும்?" என்று கம்பனிக்காரர் கேட்டார்.

"மூச்சு வேணும்."

"உங்களிட்ட மூச்சு இல்லையோ?"

"மாமா அளவுக்கு இல்ல. எனக்குக் கெதியா முட்டும்."

கம்பனிக்காரர் சட்டைப்பையிலிருந்து தட்டச்சுத் தாளை எடுத்து, பென்சிலால் ஒரு வரியைச் சேர்த்தார். அவர் எழுதும்போது தம்பி அந்தப் பென்சிலின் சிவப்பு முனையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அஸருக்குப் பின் குழாய் கரகரத்தது. வாப்பாவிடம் ஒலிபெருக்கிக்கென்று ஒரேயொரு குரல்தான் இருந்தது; மௌத்துச் செய்திக்கும் பிறைச் செய்திக்கும் அதே நிறுத்தம், அதே நிதானம். அந்தக் குரலிலேயே ஸலாம் சொன்னார். ஊர் ஜமாஅத்தாருக்கு அறியத்தருவதாவது என்று தொடங்கி, பானத்தின் பெயரைச் சொன்னார். எலும்பு வளரும், அறிவு கூர்மையாகும் என்று வாசித்தார். ஈற்றில் பென்சில் வரி வந்தது. "இதனைத் தவறாது அருந்தும் பிள்ளைக்குச் சங்கு குளிப்போரின் மூச்சு உண்டாகும்."

தம்பி என் கையைப் பிடித்திருந்தான். அந்த வரியைக் கேட்டதும் அவனுடைய பிடி இறுகியது. "காக்கா, என்னத்தான் சொன்னவர்," என்றான் அண்ணனாகிய என்னிடம் மெதுவாக.

பள்ளிக்கூட மைதானத்தில் கடதாசிக் கோப்பைகளில் பானம் தந்தார்கள். கருகிய சீனியின் மணமும், வாயில் ஒட்டும் மாவின் தித்திப்பும் இன்னும் என் அண்ணத்தில் உள்ளன. சிவப்புப் பேணியின் மேல் கொழுத்த கன்னமுள்ள ஒரு பையன் வெற்றிக் கிண்ணமொன்றை உயர்த்திப் பிடித்திருந்தான். அவனைப்போன்ற பிள்ளையொன்றை நம் தீவில் நான் கண்டதில்லை. அடுத்த நாளே ஊர்க் கடையில் பேணிகள் அடுக்கப்பட்டன. பிள்ளைகள் மீன் ஆணம் ஊற்றிய சோற்றைத் தள்ளிவைத்துப் பேணியைக் கேட்டு அழுதன. தாய்மார் எதிலோ குறைத்து அதை வாங்கினர். எங்கள் வீட்டிலும் வாங்கினோம். தம்பி மாவைக் கரைக்கவும் பொறுக்காமல் கரண்டியால் அள்ளித் தின்பான். பின்னர் சுவரோரம் நின்று மூச்சைப் பிடித்து, முகம் கறுக்கும்வரை என்னைப் பார்ப்பான்.

பின்னாளில் நான் சட்டம் கற்பித்தேன். பராயமடையாத ஒருவனோடு செய்யும் ஒப்பந்தம் அவனைக் கட்டாது என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறேன். அவனோடு பேசுவதை எந்தச் சட்டம் தடுக்கிறது என்று ஒரு மாணவி ஒருநாள் கேட்டாள். அவனுக்கு என்ன வேண்டுமென்று அவனிடமே கேட்டறிந்து, அதையே அவன் மிகவும் நம்பும் குரலில் அவனுக்குத் திருப்பிச் சொல்லி, அவனைக்கொண்டே தாயைக் கடைக்கு அழைத்துவரச் செய்யலாமா என்பதே அவளுடைய கேள்வியின் பொருள். நான் வகுப்பில் தந்த விடை ஒழுங்கானதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் நெடுநேரம் சப்பாத்தைக் கழற்றாமல் அமர்ந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மாமாவின் வள்ளம் ஆழம் தொடங்கும் இடத்தில் நங்கூரமிட்டு நின்றது. மாமா கரையில் வலைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். தம்பியும் அவனோடொத்த நாலைந்து பேரும் நீந்திப் போய் வள்ளத்தில் ஏறினர். நான் கரையில் நின்று அவர்களுடைய உடுப்புகளுக்குக் காவலிருந்தேன். விளையாட்டு என்றே எல்லோரும் எண்ணினோம்.

சங்கு குளிப்பவர்கள் விரைவாக இறங்குவதற்குக் கயிறு கட்டிய கல்லொன்றில் கால் வைத்துப் போவார்கள் அல்லவா, அந்தக் கல்லைத் தம்பி தூக்கினான். கயிற்று வளையத்துக்குள் பாதத்தை நுழைத்தான். வள்ளத்திலிருந்த பிள்ளைகள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் இராகத்தில் எண்ணத் தொடங்கினர். எண்ணும் ஒலி தண்ணீருக்கு மேலாகத் தெளிவாக வந்தது, மகிழ்ச்சியான ஒலி. எண் ஏற ஏற அவர்கள் இன்னும் உரக்க எண்ணினர். பிறகு அந்தக் கூட்டுக் குரலில் ஒரு குரல் குறைந்தது. இன்னொன்று குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு பிள்ளை மட்டும், எப்படி நிறுத்துவதென்று தெரியாதவன்போல, அழுதுகொண்டே எண்ணிக்கொண்டிருந்தான்.

மாமா பேச்சை நிறுத்தித் திரும்பினார். அவர் ஓடியதையும் பாய்ந்ததையும் நான் காணவில்லை. கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசிக்கொண்டு மேலே வருவதைத்தான் கண்டேன்.

கரையில் குப்புறக் கிடத்தியபோது தம்பியின் இடச் செவியிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் வந்து மணலில் ஊறியது. உப்பு நீரைக் கக்கினான். நினைவு வந்ததும் மாமாவைப் பார்த்து, "ஏன் இழுத்தீங்கள்? மூச்சு இன்னும் இருந்தது," என்றான்.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். இடச் செவி இனிக் கேட்காது. வலச் செவியும் பாதிதான் மிஞ்சும் என்றார்கள். ஊர் தன் தீர்ப்பை உடனே வழங்கியது. வள்ளத்தைக் கவனியாமல் விட்டவர் என்று மாமா பழி சுமந்தார். பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதவள் என்று உம்மாவைப் பேசினர். தம்பியைக் குறும்பன் என்றனர். மரைக்கார் பழங்களோடு வந்து பார்த்துவிட்டு, சுகம் வேண்டித் துஆக் கேட்டுச் சென்றார். ஒலிபெருக்கியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மறைத்ததாக நான் கருதவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

தம்பி வீடு திரும்பிய சில நாட்களில் கம்பனிக்காரர் மீண்டும் வந்தார். மாமா அளவுக்கு மூச்சுப் பிடித்த பையன் ஒருவன் இந்தத் தீவில் இருக்கிறான் என்ற செய்தி, செவியின் கதை இல்லாமல், அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கையில் ஒரு புதிய பேணியும் தோளில் கமராவும் இருந்தன. வாப்பா வீட்டில் இருக்கவில்லை.

"தம்பிய ஒரு படம் எடுக்கலாமோ, அம்மா? பேணியைக் கையில வச்சுக்கொண்டு நிண்டாப் போதும். கொழும்பில அச்சடிச்சு எல்லாக் கடைக்கும் வரும்."

ஊரே அவனைக் குறும்பன் என்று சொல்லிக்கொண்டிருந்த வேளையில், வெளியூர்க்காரர் ஒருவர் அவனைச் சிறந்தவன் என்று தேடி வந்திருந்தார். உம்மாவின் முகம் பல நாட்களுக்குப் பின் தெளிந்தது. அவர் தம்பிக்குத் தலை வாரி, பெருநாள் சட்டையைப் போட்டுவிட்டார். பின்னர், இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், படத்தில் தெரியக்கூடாது என்று அவனுடைய செவியில் வைத்திருந்த பஞ்சை மெல்ல எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

கமரா சொடுக்கிய வேளையில் வாப்பா வேலிப் படலையைத் திறந்து வந்தார். கம்பனிக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வாப்பா தம்பியின் செவியிலிருந்து சட்டைக் கழுத்தில் இறங்கிய நீரைப் பார்த்தார். பிறகு உம்மாவின் மூடிய கையைப் பார்த்தார்.

"அவனுக்கு இந்தச் செவி இல்ல, தம்பி," என்றார் கம்பனிக்காரரிடம்.

"எனக்கு அது தெரியாது, ஐயா. சத்தியமாத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதெண்டு தெரியும். எனக்கும் தெரியாது. தெரியாமத்தான் வாசிச்சனான்."

கம்பனிக்காரர் கமராவை உறையில் இட்டார். பேணியைத் தம்பியிடமே விட்டுப் புறப்பட்டார். படம் எங்கும் அச்சாகி வந்ததாக நாம் அறியவில்லை. தம்பியின் சிறுபராயத்துப் படமாக வேறொன்றும் எடுக்கப்படவில்லை. அந்த ஒன்றும் எங்கே போயிற்றோ. பேணி மட்டும் வீட்டிலேயே இருந்தது. உம்மா அதில் தையலூசிகளை வைத்திருந்தார். போர்க்காலத்தில் ஊரைவிட்டு நாமெல்லாம் வெளியேறிய நாளில் அதுவும் அங்கேயே தங்கிவிட்டது.

வாப்பாவை அசைத்தது அதற்கு மறுநாள் கண்ட காட்சி. நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் பள்ளித் தொட்டிக்குப் போனவர், அதன் விளிம்பைச் சுற்றி நம் வயதுப் பிள்ளைகள் முழந்தாளிட்டு, தலைகளை நீருக்குள் அமிழ்த்தியிருக்கக் கண்டார். வரிசையாகப் பிடரிகள் மட்டும் தெரிந்தன. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கினார். கண் சிவந்து, உதடு நீலித்து, சிரித்துக்கொண்டே எழுந்தது அது.

"என்ன செய்யிறீங்கள்?"

"மூச்சுப் பழகிறம், மோதினார். தொட்டி முடிஞ்சு நாளைக்குக் கடல்ல."

"அவனுக்கு நடந்ததக் கண்டும் இப்பிடிச் செய்யலாமா?"

"அவன் ஒழுங்காக் குடிக்கல்ல. மாவாத் திண்டவன். நாங்க கரைச்சுத்தான் குடிக்கிறம்."

வாப்பா அங்கேயே குந்தி அமர்ந்து, அந்தப் பானத்தால் மூச்சு வளராது, நான் வாசித்தது பிழை என்று அவர்களுடைய கண்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் பணிவோடு தலையாட்டினர். நீங்கள்தாம் அந்தப் பிள்ளைகள், உங்களுக்கு நினைவிருக்கக்கூடும். அவர் உள்ளே போனதும் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "வாய்ப் பேச்சு வேற. மைக்கில சொன்னதுதானே உண்மை."

அது வாப்பாவின் செவியிலும் விழுந்தது.

அஸருக்குப் பின் அவர் மரைக்காரைத் தனியே அழைத்தார். பள்ளியின் உட்சுவரோரம் இருவரும் நின்றனர். பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

"மைக்கில சொல்லப்போறன், மரைக்கார். நான் வாசிச்சது பிழையெண்டு."

மரைக்கார் குடையைச் சுவரில் சாத்தினார். கோபம் வந்தால் உரத்துப் பேசுபவர் அவர். அன்று குரல் தணிந்திருந்தது. "யோசிச்சுப் பாருங்க, மோதினார். மைக்கில சொன்னத மைக்கிலயே பிழையெண்டு சொன்னா, வாற கிழமை பிறை கண்டமெண்டு சொல்றத ஆர் நம்புவான்? காற்று மாறுதெண்டா ஆர் எழும்புவான்? பிள்ளைகளுக்கு நான் வீடுவீடாப் போய்ச் சொல்றன். நீங்க மைக்கத் தொடாதீங்க."

"வாயால சொன்னாக் கேக்குதுகள் இல்ல. நான் சொல்லிப் பாத்திட்டன்."

"அப்ப அடிச்சுத் திருத்துங்க."

"அதுகள் என்ன பிழை செய்ததுகள்? நாங்க சொன்னத நம்பினதுகள்."

"இந்த ஊரில உங்கட குரல் ஒண்டுதான் மிச்சம், மோதினார். அத உடைச்சுப்போட்டா ஒட்டேலாது. நான் இதுக்குச் சம்மதிக்கமாட்டன். மீறிச் சொன்னா, அடுத்த கூட்டத்தில உங்கள வைச்சிருக்கிறதா இல்லையா எண்டு பேச வேண்டி வரும்."

அன்று மரைக்காரை நான் வெறுத்தேன். இன்று அவருடைய வாதத்தில் ஒரு சொல்லையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. அவர் பாட்டை ஊருக்குள் விடாமல் காத்ததும், குரலை உடையாமல் காக்க முனைந்ததும் ஒரே அக்கறையின் இரு செயல்கள். இரண்டு முறையும் அந்த அக்கறையின் கணக்கில் பிள்ளைகள் சேர்க்கப்படவில்லை.

மரைக்கார் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாப்பா ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் நின்றார். பற்றரிக் கம்பியை மாட்டினார், கழற்றினார். சுருட்டிய பாயை நெஞ்சோடு அணைத்தபடி நான் அசையாமல் நின்றேன். வெளியே, கரைப் பக்கமிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. நாளைக்கு என்று சொன்னவர்கள் இன்றைக்கே போகிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் கம்பியை மாட்டினார். குழாய் கரகரத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஊர் ஜமாஅத்தாருக்கும் பிள்ளைகளுக்கும் அறியத்தருவதாவது. பேணிப் பானத்தைப் பற்றி இந்த ஒலிபெருக்கியில் நான் வாசித்தது உண்மையல்ல. உண்மையா என்று அறியாமல் வாசித்தேன். அதைக் குடிப்பதால் எவருக்கும் மூச்சு நீளாது. பிள்ளைகள் கடலில் இறங்கவேண்டாம். இறங்கியிருப்பவர்கள் இப்போதே கரைக்கு வரவும்."

அதே நிறுத்தம், அதே நிதானம். இரண்டாம் முறையும் சொன்னார். நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். இடுப்பளவு நீரில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பள்ளித் தூணைப் பார்த்தபடி நின்றனர். ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினர். உடுப்புகளை அள்ளிக்கொண்டு வீடுகளுக்குப் போயினர். நம்மில் எவருக்கும் அதற்குப் பின் செவி கிழியவில்லை, எவரும் மூழ்கவுமில்லை.

நிர்வாகக் கூட்டம் நடந்தது. வாப்பாவை நிறுத்தவில்லை, மரைக்காரே அதைத் தடுத்தார் என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

அடுத்த கிழமை நோன்புக்குத் தலைப்பிறை பார்க்கும் மாலை வந்தது. மேற்கே மேகம் கிழிந்திருந்த சிறு இடைவெளியில் பிறை ஒரு கணம் நின்று மறைந்தது. வாப்பா கண்டார். கரையிலிருந்து வந்த இரு மீனவரும் கண்டதாகச் சாட்சி கூறினர். மரைக்கார் விசாரித்து, சொல்லுங்கள் என்றார். வாப்பா மைக்கை எடுத்து, பிறை காணப்பட்டது, நாளை நோன்பு என்று அறிவித்தார்.

முந்தைய ஆண்டுகளில் அந்தச் சொல் முடியுமுன்பே வீடுகளில் இறைவனைப் புகழும் தக்பீர் எழும். விடியுமுன் உண்ணும் ஸஹர் சோற்றுக்குப் பெண்கள் அரிசி களையும் சத்தம் கேட்கும். அன்று ஊர் அமைதியாக இருந்தது. பின்னர் படலைகள் திறந்தன. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒழுங்கையில் இறங்கி, மேற்கைப் பார்த்து நின்றனர். அங்கே மேகம் மட்டும் இருந்தது. சிலர் பள்ளி வாசலுக்கே வந்தனர்.

"மோதினார், உண்மையாக் கண்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். குரலில் எகத்தாளம் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ளும் மரியாதையான கேள்வி.

"கண்டனான்."

"இல்ல, போன முறையும்..." என்று தொடங்கியவர் முடிக்காமல் நிறுத்தினார். மரைக்கார் தலை குனிந்து குடையின் கைபிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு மீனவரையும் முன்னே அழைத்து மீண்டும் சாட்சி சொல்லவைக்க வேண்டியதாயிற்று. அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கையிலும் கூட்டம் திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்தது.

தம்பிக்கு அறிவிப்புச் சரியாகக் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். எல்லோரும் பார்த்த திசையை அவன் பார்க்கவில்லை. வாப்பாவின் எதிரே வந்து நின்று, நிமிர்ந்து அவருடைய உதடுகளைப் பார்த்தான்.

"கண்டதா, வாப்பா?"

வாப்பா குனிந்து, அவனுடைய வலச் செவியருகே வாயை வைத்து, "கண்டது, மகன்," என்றார்.

"அப்ப நாளைக்கு நோன்பு. நானும் பிடிப்பன்," என்று சொல்லிவிட்டு, உம்மாவிடம் சொல்வதற்காக அவன் வீட்டை நோக்கி ஓடினான். ஒழுங்கையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டனர்.